கல்வியில் கணிப்பொறிப் பாவனையும் பல்லூடகமும் – ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் தொய்வின்றி நடைபெறுவது எளிய செயலன்று. மாதந்தோறும் கூடிக் கவிதை படித்தும், படித்ததை விவாதித்தும், கருத்து வேறுபட்டும், வேறுபட்ட பின்னும் அடுத்த மாதம் அதே இடத்தில் வந்தமர்ந்தும் வளர்ந்தது நம் வட்டம். அதன் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட மலர்க்குழுவினர், நான் சங்க இலக்கியம் பற்றியே எழுதுவேன் என எதிர்பார்த்திருக்கக்கூடும். வேறொரு பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், சிலப்பதிகாரப் பாடத்திற்கென நானும் என் மாணவியரும் ஒரு குறுந்தகட்டை உருவாக்கினோம். காதைவாரியான விளக்கம், பூம்புகாரிலும் மதுரையிலும் எடுத்த படங்கள், கண்ணகி நடந்த வழியைக் காட்டும் அசைபடம், இசையாசிரியை ஒருவர் பாடித் தந்த கானல்வரிப் பகுதி ஆகியன அதில் இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதனைத் தேடியெடுத்து இயக்கிப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன. அசைபடம் அசையவில்லை. பாட்டு மட்டும் ஒலித்தது. அன்று எழுத்துப்பிழை திருத்துவதற்காக மாணவி ஒருத்தி அச்சிட்டு வைத்திருந்த தாள்கட்டு துறையின் அலமாரியில் அகப்பட்டதால் உரையை மீட்டுக்கொண்டோம். புதுமை எனப் போற்றியது இருபது ஆண்டுகளில் அழிந்ததும், பழமை எனத் தள்ளிய தாள் காப்பாற்றியதும் என்னைச் சிந்திக்க வைத்தன. கணிப்பொறி கல்விக்குள் எவ்வாறு நுழைந்தது, எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதை வரலாற்று முறையில் நோக்க வேண்டும் என்னும் எண்ணம் அதிலிருந்தே பிறந்தது.

இரு சொற்கள்

பாவனை, பல்லூடகம் என்னும் இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். இவை வேறு வேறு. எழுத்து, ஒலி, படம், அசைவு ஆகியவற்றை ஒரே கருவியில் இணைத்துத் தருவது பல்லூடகம். அங்கே கற்பவர் காண்கிறார், கேட்கிறார். பாவனையிலோ ஓர் உலகின் விதிகள் கணிப்பொறிக்குள் வைக்கப்படுகின்றன. கற்பவர் அவ்வுலகில் ஒன்றைச் செய்கிறார். செய்ததன் விளைவை அவ்வுலகம் திருப்பித் தருகிறது. தவறு செய்யலாம், தவற்றால் எவரும் இறப்பதில்லை. பாவனையின் கல்விப் பயன் இதிலேயே அடங்கியுள்ளது.

இசைக்கருவியில் பிறந்த வானூர்தி

பாவனைக் கல்வியின் வரலாறு கணிப்பொறிக்கு முன்பே தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்கூடம் ஒன்றை நடத்தியவரின் மகன் எட்வின் லிங்க். வானூர்தி ஓட்டக் கற்பதற்குப் பெரும்பணம் தேவைப்பட்ட காலம் அது. தரையிலேயே பறக்கக் கற்பிக்கும் கருவி ஒன்றைச் செய்ய அவர் முனைந்தார். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே எடுத்து ஒரு சிறு விமானக் கூட்டின் அடியில் பொருத்தினார். உள்ளிருப்பவர் கைப்பிடியை அசைத்தால் துருத்திகள் விரிந்து சுருங்கிக் கூட்டைச் சாய்க்கும், திருப்பும். 1929ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். தொடக்கத்தில் இது கேளிக்கைப் பூங்காக்களில் விளையாட்டுப் பொருளாகவே விலைபோயிற்று.

1934ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. அமெரிக்கப் படையின் வான்பிரிவு அஞ்சல் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்றது. மூடுபனியிலும் இரவிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பயிற்சி பெறாத இளைஞர் பலர் சில வாரங்களுக்குள் உயிரிழந்தனர். அதன் பின்னரே படையினர் லிங்கின் கருவிகளில் ஆறினை வாங்கினர். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் விமானிகள் பல இலட்சம் பேர் இக்கருவியில் பயின்றனர். பாட்டிற்குக் காற்றளித்த துருத்தி உயிர் காக்கும் ஆசானாயிற்று. பாவனை வழிக் கல்வி ஆடம்பரத்திற்காக அன்று, சாவினைத் தவிர்ப்பதற்காகவே ஏற்கப்பட்டது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

பிளேட்டோ

கணிப்பொறியையே ஆசிரியராக்கும் முதற்பெருமுயற்சி இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டில் தொடங்கியது. டொனால்டு பிட்சர் என்னும் பொறியியல் அறிஞர் அதனை வழிநடத்தினார். இல்லியாக் என்ற கணிப்பொறியுடன் ஒரு தொலைக்காட்சித் திரையும் சில விசைகளும் இணைக்கப்பட்டன. ஒரே நேரத்தில் ஒரே மாணவர்தான் பயில முடிந்தது. கிரேக்க அறிஞரின் பெயரையே தாங்கி அது பிளேட்டோ எனப்பட்டது. ‘உதவி’ என்றே ஒரு விசை அதில் இருந்தது. வகுப்பில் கையுயர்த்தக் கூசும் மாணவருக்கு அந்த விசை எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஆசிரியர்கள் உணர்வர்.

படிப்படியாக வளர்ந்து 1972ஆம் ஆண்டில் நான்காம் பிளேட்டோ உருப்பெற்றது. செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் தட்டைத்திரை இதற்கெனவே பிட்சரும் அவருடைய துணைவர்களும் 1964ஆம் ஆண்டில் கண்டுபிடித்ததாகும். பின்னாளில் நம் வீடுகளுக்கு வந்த பிளாஸ்மா தொலைக்காட்சிக்கு அதுவே மூதாதை. அத்திரை விரல் தொடுதலை உணர்ந்தது. அதன்மேல் வண்ணப்படங்களை வீழ்த்தவும் ஒலியை இணைக்கவும் வழியிருந்தது. பல்லூடகமும் பாவனையும் அங்கே ஒன்றுசேர்ந்தன. வேதியியல் மாணவர் கண்ணாடிக் குடுவையை உடைக்காமலே ஆய்வு செய்தனர். உயிரியல் மாணவர் பழ ஈக்களை இணைத்து, பிறக்கும் தலைமுறைகளை எண்ணி, மரபியல் விதிகளைத் தாமே உய்த்துணர்ந்தனர். உண்மை ஆய்வில் வாரக்கணக்காகும் வேலை ஒரு பாடவேளைக்குள் முடிந்தது.

ஆயினும் வெற்றிக்கதையாக மட்டும் இதனைச் சொல்லுதல் நேர்மையாகாது. 1970களில் கல்லூரிகளில் செய்யப்பட்ட மதிப்பீட்டில், மாணவரும் ஆசிரியரும் பிளேட்டோவை விரும்பினர் என்பது தெரிந்தது. ஆனால் தேர்ச்சியில் சீரான உயர்வு காணப்படவில்லை. செலவும் மிகுதியாக இருந்தது. விருப்பம் வேறு, கற்றல் வேறு என்னும் இவ்வேறுபாடு இன்றுவரை நம்மைத் தொடர்ந்து வருகிறது.

ஆமையும் மாட்டுவண்டியும்

கணிப்பொறி குழந்தைக்குக் கற்பிக்க வேண்டுமா, குழந்தை கணிப்பொறிக்குக் கற்பிக்க வேண்டுமா? இரண்டாவதையே தேர்ந்தவர் சீமோர் பேப்பர்ட். ஜெனீவாவில் உளவியலறிஞர் பியாஜேயுடன் பணியாற்றிய இக்கணித அறிஞர், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் இணைந்து 1967ஆம் ஆண்டில் லோகோ என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கினார். லோகோவின் ஆமை தரையில் ஊர்ந்தது. பின்னர்த் திரைக்கு ஏறியது. ‘நூறு அடி முன்னே செல், தொண்ணூறு பாகை வலம் திரும்பு’ என்று நான்கு முறை ஆணையிட்டால் அது சதுரம் வரையும். ‘ஓரடி செல், ஒரு பாகை திரும்பு’ என்பதை 360 முறை சொன்னால் வட்டம் கிடைக்கும். ஆணை தோன்றாத குழந்தை தானே எழுந்து நடந்து பார்த்துக் கண்டுபிடிக்கும். வடிவியல் இங்கே உடம்பால் கற்கப்படுகிறது. தாளத்தைக் கையால் தட்டிக் கற்ற நமக்கு இது விளங்காத செய்தியன்று.

வரலாற்றுப் பாடத்திற்கும் பாவனை வந்தது. 1971ஆம் ஆண்டு டிசம்பரில், மினியாபொலிஸ் நகரில் பயிற்சி ஆசிரியராயிருந்த டான் ராவிட்ச், அமெரிக்கரின் மேற்குத்திசைக் குடியேற்றத்தைக் கற்பிக்கப் பகடையும் அட்டையும் கொண்ட ஒரு விளையாட்டை வகுத்துக்கொண்டிருந்தார். உடன் தங்கியிருந்த கணிதப் பயிற்சி ஆசிரியர்களாகிய பில் ஹைன்மனும் பால் டில்லன்பெர்கரும் அதனைக் கணிப்பொறிக்கு மாற்றலாம் என்றனர். ஏறத்தாழ இரண்டே வாரங்களில் ‘ஆரிகன் வழி’ உருவாயிற்று. திரை கிடையாது. தொலைவிலுள்ள கணிப்பொறியுடன் இணைந்த தட்டச்சுப்பொறி, விடைகளைத் தாளில் அடித்துத் தள்ளும். மாட்டிற்கு எவ்வளவு செலவிடுவது, உணவிற்கு எவ்வளவு, குளிர் ஆடைக்கு எவ்வளவு என மாணவர் குழுவாகக் கூடித் தீர்மானித்தனர். தவறாகத் தீர்மானித்தவர்கள் நோயிலும் பனியிலும் மடிந்தனர். நூலில் ஒரு வரியாய் இருந்த துயரம் வகுப்பில் அவர்களுடைய துயரமாயிற்று.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் நமக்கு முதன்மையானவை. பருவம் முடிந்ததும் ராவிட்ச் நிரலைத் தாளில் அச்சிட்டுக்கொண்டு, கணிப்பொறியிலிருந்து அழித்துவிட்டார். மினசோட்டாவின் கல்விக் கணிப்பொறி நிறுவனத்தில் பணியேற்றபின், 1974ஆம் ஆண்டில் அத்தாளைப் பார்த்து மீண்டும் தட்டச்சிட்டே அதற்கு மறுவாழ்வு அளித்தார். தாள் இல்லையெனில் தலைமுறைகள் பயின்ற அப்பாவனை இல்லை. ஏட்டைப் பார்த்து ஏடெழுதிய நம் முன்னோரின் பணியும் இதுவே. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் அவர்கள் பல சுவடிகளை ஒப்பிட முடிந்தது, பெயர்த்தெழுதியோர் பலர் இருந்தமையால் அன்றோ!

மற்றொன்று: அவ்விளையாட்டில் மாணவர் எப்போதும் குடியேறும் வெள்ளையராகவே வண்டியில் அமர்ந்தனர். அந்நிலம் எவருடையதோ அவர்கள் வழியில் எதிர்ப்படுவோராகவே வந்தனர். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய வடிவத்தில்தான் பழங்குடி வரலாற்றறிஞர்களின் துணை நாடப்பட்டது. எந்தப் பாவனையும் ஒருவர் கண்ணால் கண்ட உலகம். வகுத்தவர் விட்டுவிட்டதை ஆடுபவர் காண்பதில்லை. இந்த எச்சரிக்கையை ஆசிரியர் வாய்திறந்து சொல்லாவிடில் கணிப்பொறி சொல்லாது.

டூம்ஸ்டே தட்டுகள்

1980களில் ஒளித்தட்டுகள் வந்தபின் பல்லூடகம் பெருகியது. அக்காலத்தின் மாபெரும் முயற்சி இங்கிலாந்தில் நடந்தது. வில்லியம் மன்னன் 1086ஆம் ஆண்டில் தொகுப்பித்த நிலக்கணக்கு நூல் டூம்ஸ்டே எனப்படும். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக, மக்கள் தாமே தம் நாட்டை எழுதும் திட்டத்தை பி.பி.சி. நிறுவனம் மேற்கொண்டது. நாடு முழுவதும் 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. பள்ளிச் சிறுவர் உட்பட பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் தத்தம் ஊரின் கடைகளையும் வேலைகளையும் அன்றாட வாழ்வையும் எழுதியனுப்பினர். படங்களும் வரைபடங்களும் சேர்ந்து 1986ஆம் ஆண்டில் இரு பெருந்தட்டுகளாக அது வெளிவந்தது.

அதனை இயக்கத் தனிக்கணிப்பொறியும் தனி இயக்கியும் வேண்டியிருந்தன. விலை ஏறத்தாழ 5,000 பவுண்டு. எழுதித் தந்த பள்ளிகளிற் பலவற்றால் வாங்க இயலவில்லை. 2002ஆம் ஆண்டளவில், 900 ஆண்டுப் பழைய தோல்நூலைப் படிக்க முடிகிறது, 16 ஆண்டுப் புதிய தட்டைப் படிக்க முடியாமற் போகும் என்ற கவலை எழுந்தது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பழைய கணிப்பொறியைப் போலவே நடிக்கும் மென்பொருளை இக்காலக் கணிப்பொறியில் அமைத்து அதனை மீட்டுக் காட்டினர். ஒரு பாவனையைக் காப்பாற்ற மற்றொரு பாவனை தேவைப்பட்டது! சிறுவர் எழுதியவை 2011ஆம் ஆண்டில் இணையத்தில் ஏறின.

இலக்கியத் துறையிலும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஹார்வர்டில் கிரிகரி கிரேன் 1980களின் நடுவில் தொடங்கிய பெர்சியஸ் திட்டம், கிரேக்க மூலம், மொழிபெயர்ப்பு, அகராதி, சிற்பப் படங்கள், நில வரைபடம் ஆகியவற்றை இணைத்து 1992ஆம் ஆண்டில் குறுந்தகடாக வெளிவந்தது. 1995ஆம் ஆண்டில் இணையத்திற்கு மாறியது. இடையில் கணிப்பொறிகள் பலமுறை மாறின, பெர்சியஸ் அழியவில்லை. உரைகளை எந்தக் கணிப்பொறிக்கும் பொதுவான குறியீட்டில் எழுதி வைத்தமையே அதற்குக் காரணம்.

தமிழில்

இந்தியாவில் பள்ளிகளுக்குக் கணிப்பொறியைக் கொண்டுசென்ற ‘கிளாஸ்’ திட்டம் 1984-85ஆம் கல்வியாண்டில் தொடங்கியது. டூம்ஸ்டே திட்டத்திற்கு அடிப்படையான பி.பி.சி. கணிப்பொறிகளே நம் பள்ளிகளுக்கும் வந்தன. தமிழ் அதனுள் நுழைய நாளாயிற்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்னுருவாக்கியது. 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியாலும், 1999ஆம் ஆண்டில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. சென்னை மாநாட்டின்போது அறிவிக்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகிறது. ஒலியுடன் கூடிய பாடங்களும் மின்னூலகமும் பண்பாட்டுக் காட்சியகமும் உலகெங்கிலுமுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பயன்படுகின்றன.

ஆனால் அக்காலத்தில் தமிழ் எழுத்துகளுக்கு ஒரே குறியீடு இல்லை. தாப், தாம், தகுதரம் எனப் பல முறைகள் இருந்தன. இவை போதாவென்று நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு. 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், தமிழக அரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் உருவான எத்தனையோ பாடத்தகடுகள் இன்று என் குறுந்தகட்டைப் போலவே ஊமையாகிவிட்டன. குற்றம் பிறருடையதன்று, மதுரைத் திட்டத்தினர் தம் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றிக் காத்ததுபோல் நானும் மாற்றியிருக்கலாம். செய்யத் தோன்றவில்லை. அசைபடங்களை இயக்கிய ஃப்ளாஷ் மென்பொருளும் 2020ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் அறிஞர் கார்ல் வீமன் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபெட் அறிவியல் பாவனைகள் பலவும் புதிய முறையில் திரும்ப எழுதப்பட்டன. அவற்றுள் சில தமிழிலும் கிடைக்கின்றன. 2018ஆம் ஆண்டு முதல் தமிழகப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. அவை சுட்டும் காட்சிகளையும் எவரேனும் இடைவிடாது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இலக்கிய வகுப்பில்

அறிவியலுக்குப் பயன்படும் கருவி கவிதைக்கும் பயன்படுமா என்று நம் வட்டத்தில் சிலர் கேட்பதுண்டு. ஊடகம் பொருளைச் சுமந்துவரும் வண்டி மட்டுமே, வண்டியால் உணவின் சத்து கூடாது என 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு கிளார்க் வாதிட்டார். அழகிற்காகச் சேர்க்கும் இசையும் படமும் கற்றலைக் குறைக்கின்றன என ரிச்சர்டு மேயரின் ஆய்வுகள் காட்டின. என் பட்டறிவும் அதுவே. குறிஞ்சிப் பூவை நேரில் கண்ட மாணவியர் என் வகுப்பில் ஒருவரும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் படத்தைத் திரையிட்டபோது வகுப்பு விழித்துக்கொண்டது. ஆனால் அதே வகுப்பில் தலைவியாக ஓர் ஓவியத்தைக் காட்டியபோது, அதுவரை நாற்பது மாணவியர் மனத்தில் இருந்த நாற்பது தலைவியர் மறைந்து ஒருத்தியே எஞ்சினாள். அன்று முதல் பூவையும் பறவையையும் யாழையும் காட்டுகிறேன், மாந்தரைக் காட்டுவதில்லை. உள்ளுறையைக் காட்ட எந்தத் திரையாலும் இயலாது.

பாவனையையும் முயன்று பார்த்தேன். தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு விதிகளால் ஆன ஓர் உலகம். இதனால் தொல்காப்பியரே கணிப்பொறி கண்டவர் எனக் கூறுவது ஆய்வாகாது. ஆயினும் கற்பிக்கும் முறைக்கு அது இடந்தருகிறது. நிலம், பொழுது, கருப்பொருள், கூற்று ஆகியவற்றை மாணவியரே தேர்ந்து, சூழல் பொருந்துகிறதா எனக் கணிப்பொறியைக் கேட்கும் எளிய பயிற்சி ஒன்றைக் கணினித் துறை மாணவி ஒருத்தி எழுதித் தந்தாள். ஒருநாள் ஒரு பெண் கடற்கரையையும் காத்திருக்கும் முல்லை மனைவியையும் சேர்த்தாள். கணிப்பொறி ‘தவறு’ என்றது. அவளோ ஒப்பவில்லை. தன் தந்தை கடலுக்குச் சென்ற நாள்களில் தன் தாய் கரையில்தான் காத்திருந்தாள் என்றாள். உரிப்பொருள் ஒழிந்தவை மயங்கவும் இலக்கணம் இடந்தருகிறது என்பதை எடுத்துக்காட்டி அன்று ஒரு மணி நேரம் விவாதித்தோம். மயக்கத்திற்கு அந்த நிரலில் நாங்கள் இடம் வைக்கவில்லை. அன்றைய பாடத்தை நடத்தியது கணிப்பொறியன்று; அதன் தவறும் அப்பெண்ணின் மறுப்புமே. ஆனால் அந்தக் கணிப்பொறி இல்லாவிடில் அவள் வாய் திறந்திருப்பாளா என்பதும் எனக்கு ஐயமே.

நிறைவாக

லிங்கின் துருத்தி முதல் இன்றைய பாடநூற் குறியீடு வரை தொகுத்து நோக்கும்போது மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. செய்து கற்க வாய்ப்பளிக்கும்போதே கணிப்பொறி சிறக்கிறது. காட்டி மயக்கும்போது அன்று. எந்தப் பாவனையும் தன்னை வகுத்தவரின் எல்லைக்கு உட்பட்டது. அவ்வெல்லையைச் சுட்ட ஆசிரியர் தேவை. பெயர்த்தெழுதுவார் இல்லாத எதுவும், ஏடாயினும் தட்டாயினும், நிலைப்பதில்லை.

மூன்றாவதை முன்னிட்டு வட்டத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து ஆண்டுகளாக நம் கூட்டங்களில் கவிஞர்கள் தம் குரலில் படித்தவை ஒலிப்பதிவுகளாகப் பல வீடுகளில், பல கருவிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவர்களுள் இருவர் இன்று நம்மிடையே இல்லை. யார், எப்போது, எதைப் படித்தார் என்னும் குறிப்புடன் அவற்றை ஒன்றுதிரட்டி, கவிதைகளை ஒருங்குறியில் தட்டச்சிட்டு, மூன்று இடங்களிலேனும் படி வைப்போம். ஒரு படியைத் தாளில் அச்சிட்டும் வைப்போம். தட்டச்சுப் பணியில் என் பங்கினை ஏற்க நான் ஆயத்தமாயிருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வருவோர் தம்மிடமுள்ள பதிவுகளைக் கொண்டுவருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.